ஏழு மடங்கு வெயில், ஒரு சின்னச் சிக்கல்

1998 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் இருந்தது ஸ்கார்லெட் சோலார் தகடு. 720 உருளை வடிவ ஃப்ரெனல் லென்ஸ்கள் (வரிவரியாக வெட்டிய மெல்லிய லென்ஸ்), அவற்றின் அடியில் ஒளியை மின்சாரமாக்கும் 3600 செல்கள், அதாவது லென்ஸுக்கு ஐந்து. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில் சுமார் 2.5 கிலோவாட் மின்சாரம். வெயிலை ஏறத்தாழ ஏழு மடங்கு குவித்ததால் விலையுயர்ந்த செல் கொஞ்சமே போதும். செல் பரப்பு குறைவதால், எடை அதிகம் கூடாமல் அவற்றின் மேல் கதிர்வீச்சைத் தாங்கத் தடித்த கண்ணாடி மூடியும் போடலாம்.

செல்லில் மேலடுக்கு இண்டியம் காலியம் பாஸ்பைடு, நீல, பச்சை ஒளியைப் பிடிக்கும். கீழே காலியம் ஆர்சனைடு, சிவப்பையும் அதற்கு அப்பாலும். அடியில் ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான தளம். அடுக்குகள் தொடர் இணைப்பில் இருப்பதால் குறைந்த மின்னோட்டம் தரும் அடுக்குதான் மொத்தத்தையும் கட்டிப்போடும்.

வம்பு லென்ஸில்தான். அது நிறங்களைச் சற்றே வெவ்வேறு இடத்தில் குவிக்கும். செல்லின் ஓரத்தில் சிவப்பு கூடி நீலம் குறைந்தால், அந்தப் பகுதியில் மேலடுக்கு பட்டினி கிடக்கும். லென்ஸை வடிவமைக்கும்போதே நிறங்கள் கலக்கும்படி செய்ய வேண்டும். பிறகு செல்லைத் திருத்திப் பயனில்லை.

சூரியனை நோக்கிய குறி தவறினாலும் சிக்கல்தான். கோடாகக் குவிப்பதால் கோட்டின் நீளவாக்கில் பிசகினால் பெரிதாகப் பாதிப்பில்லை. குறுக்குவாக்கில் சில டிகிரி விலகினால் ஒளி செல்லைத் தாண்டி வெறும் தகட்டில் விழும்.