முஹர்ரக்கில் ஒரு ஃபிஜிரி இரவு

பஹ்ரைன் தலைநகர் மனாமாவிலிருந்து பாலம் கடந்து முஹர்ரக் தீவின் பழைய தெருக்களுக்குள் நாங்கள் நுழைந்தபோது இரவு மணி எட்டைத் தாண்டியிருந்தது. உடன் வந்த நண்பர் கீழக்கரைக்காரர்; பஹ்ரைனில் நெடுங்காலம் இருந்து அரபி பழகியவர். அவரை நம்பித்தான் ஒரு ‘தார்’ வாசலில் செருப்பைக் கழற்றினேன். தார் என்றால் வீடு என்று பொருள். ஆனால் இது குடியிருக்கும் வீடன்று. முத்துக்குளிப்புப் பருவம் முடிந்து கரை திரும்பியவர்கள் இரவெல்லாம் கூடிப் பாடுவதற்கென ஏற்பட்ட கூடம். அங்கே பாடப்படும் ஃபிஜிரி என்னும் பாட்டு மரபை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ தனது அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பாடகர்கள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். யாழோ குழலோ எதுவும் இல்லை. தோற்கருவிகள், விரல்களில் மாட்டும் சிறு தாளம், கைத்தட்டல், ‘ஜஹ்ல்’ எனப்படும் மண்பானை ஆகியவை மட்டுமே. ‘நஹ்ஹாம்’ எனப்படும் தலைமைப் பாடகர் உச்சக் குரலில் ஓரடியை நீட்டி இழுக்க, சுற்றியிருந்தவர்கள் அனைவரும் அடித்தொண்டையில் மிகத் தாழ்ந்த சுருதியில் ஒன்றாக முனகினார்கள். அந்த ஒலி காதில் விழுவதற்கு முன்பே உட்கார்ந்திருந்த தரை வழியாக உடம்பில் ஏறியதாக எனக்குத் தோன்றியது. தம்புராவின் சுருதிக்குப் பழகிய செவிக்குக்கூட அது புதிது.

இவ்வகைப் பாடல்களில் இடம்பெறும் ‘ஸுஹைரி’ என்னும் ஏழடிச் செய்யுளை நண்பர் காதோடு விளக்கினார். முதல் மூன்றடிகள் ஒரே ஒலியுடைய சொல்லில், ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு பொருளில் முடியும். அடுத்த மூன்றடிகளுக்கு அதேபோல் வேறொரு சொல். ஏழாமடி முதற்சொல்லுக்கே திரும்பும். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் மடக்கு என்று வகுப்பதன் நெருங்கிய உறவு இது. ஆனால் நம்மிடம் மடக்கு பெரும்பாலும் புலவரின் வித்தையாக ஏட்டில் தங்கிவிட, இங்கே எழுத்தறியாத கடலோடிகளும் அதைக் கேட்டவுடன் பொருள் பிரித்து ரசித்திருக்கிறார்கள். எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.

இந்தப் பாட்டை ஜின்களிடமிருந்து மூவர் மறைவாகக் கற்றனர் என்றொரு கதை உண்டு. வெளியே சொன்னால் உயிர் போகும் என்பது நிபந்தனையாம். எஞ்சிய ஒருவர் சாகும் தறுவாயில்தான் அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். ஜின்களைவிட ‘நகூதா’ என்னும் படகுத் தலைவரிடம் முத்துக்குளிப்பவர்கள் வாங்கிய முன்பணக் கடனே இந்தப் பாட்டில் அதிகம் ஒலிப்பதாக எனக்குப் பட்டது. கோடை மாதங்கள் முழுதும் கல்லைக் காலில் கட்டி மூழ்கியும் அந்தக் கடன் பலருக்குத் தீர்ந்ததில்லை. பின்னர் ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தையைக் கவிழ்த்தது, 1932இல் எண்ணெய் கிடைத்தது, படகுகள் கரையேறின. அன்றிரவு பாடியவர்களில் ஒருவர்கூடக் கடலில் மூழ்கியவரில்லை.

இடைவேளையில் சிறு கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வந்தது. பானை வாசித்த முதியவர் என் ஆசையைக் கண்டு ஜஹ்லை என் மடியில் வைத்தார். நான் கடம் வாசிப்பதுபோல் விரல்களால் தட்டினேன். சட்டியைத் தட்டிய சத்தம்தான் வந்தது. அவர் சிரித்து, என் வலக்கையைப் பிடித்து விரல்களைச் சேர்த்து மடக்கி, உள்ளங்கையைப் பானையின் வாய்மீது ஓங்கி அறையச் செய்தார்.