ஆண்டிசுனையில் கழிந்த ஒன்றரை மணி நேரம்

கோவைக்கு அருகே, ஏழு மலைகளைக் கடந்து உச்சிக் குகையில் இருக்கும் சிவனைத் தரிசிக்க வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இரவில்தான் ஏறுவார்கள். வெயிலுக்கு அஞ்சியே இந்த வழக்கம் வந்தது என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். சென்ற சித்திரையில் எங்கள் குழுவினர் ஒன்பது பேரும் ஆறாவது மலையின் அடியில் இடிக்கும் மின்னலுக்கும் நடுவே குந்தியிருந்தபோதுதான், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பது எனக்கு உறைத்தது.

நள்ளிரவில் ஏறத் தொடங்குவதாகத்தான் திட்டம். நாங்கள் வந்த வேன் வழியில் பழுதாகி நின்றதால், பூண்டி அடிவாரத்தை அடையும்போது நன்றாக விடிந்துவிட்டது. சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்டி, ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தபோது மணி 7:30. போகவர ஏறத்தாழ 12 கிலோமீட்டர். உச்சியோ 6,000 அடிக்குச் சற்றுக் குறைவு. குழுவில் என் அண்ணன் மகன், பதினைந்து வயதுப் பையன், முதன்முறையாக ஏறுகிறான். அன்று ஏறாமல் திரும்பியிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று சொல்லி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனவன் நான். அந்தப் பொறுப்பு என்னுடையது.

கோடையில் இந்த மலைகளின் காலை வானத்தை நம்பக் கூடாது. நண்பகலுக்குள் தரை கொதித்து வெப்பக்காற்று மேலெழும். மேற்கே அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி அதனோடு சேர்ந்து உயரும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வெள்ளைப் பஞ்சாக நின்ற மேகம் 10 கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்து இடிமேகமாகிவிடும். ஆகவே, கோடை இடி பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வருகிறது. இரவில் ஏறி விடியலில் தரிசனம் முடித்து வெயில் ஏறுமுன் இறங்கிவிடுகிறவர், அந்த நேரத்தில் மலைமுகட்டில் இருக்கவே மாட்டார்.

நாங்கள் ஐந்தாவது மலையின் புல்வெளியைக் கடந்து, ஆறாவது மலையின் இறக்கத்தில் ஆண்டிசுனையை அடைந்தபோது பிற்பகல் 2 மணி. எதிரே ஏழாவது மலை மட்டும் மிச்சம். மேற்கே ஒரு மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டு எண்ணியபோது இடி கேட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும் என்பதால், 4 கிலோமீட்டர் தொலைவு. அடுத்ததற்கு எட்டுதான் எண்ண முடிந்தது.

குழு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒரே ஏற்றம்தானே, ஓடிப்போய் உச்சிக் குகைக்குள் புகுந்துவிடலாம் என்றனர் சிலர். வந்த வழியே திரும்பிவிடலாம் என்றனர் மற்றவர்கள். திரும்புவதென்றால் மறுபடியும் மேலேறி, ஒரு மரம்கூட இல்லாத புல்வெளியைக் கடக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏறுகிறவர் போலத் தோன்றிய முதியவர் ஒருவர், சுனையில் நனைத்த துண்டைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: “மேலயும் போகாதீங்க தம்பி, பொறகாலயும் போகாதீங்க. பள்ளத்துலயே குக்கிக்குங்க.” அந்த நேரத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகச் சரியான அறிவுரை அதுதான்.

தண்ணீரை விட்டு விலகி, தனித்து நின்ற மரங்களையும் தவிர்த்து, தாழ்வான புதர்ப்பகுதியில் இருபது அடிக்கு ஒருவராகப் பரவி உட்கார்ந்தோம். நெருங்கி அமரத்தான் மனம் விரும்பும்; ஆனால் ஒரே மின்னல் எல்லோரையும் வீழ்த்திவிட்டால் உதவ ஆளிருக்காது. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை; உடனே தொட்டு, மூச்சும் நாடியும் நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலலாம். இதை ஒவ்வொருவரிடமும் உரக்கச் சொன்னேன். பாதங்களைச் சேர்த்து வைத்துப் பையின் மேல் குந்தச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மின்னல் இறங்கிய இடத்திலிருந்து மின்சாரம் தரையோடு பரவும்போது, அகன்று நிற்கும் கால்களில் ஒன்றின் வழியே ஏறி மற்றொன்றின் வழியே இறங்கும்.

மழையோடு ஆலங்கட்டியும் விழுந்தது. புளியங்கொட்டை அளவிலான கட்டிகள் மூங்கில் தடியில் பட்டுத் தெறித்தன. எதிரே அண்ணன் மகன் தலையை முழங்கால்களுக்கிடையே புதைத்து, இரு கைகளாலும் காதுகளைப் பொத்தியிருந்தான். எழுந்து போய் அவனை அணைத்துக்கொள்ள முடியாமல் இருந்த அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை. ஒருமுறை வெளிச்சமும் ஓசையும் ஒன்றாக வந்தன. முகட்டில் எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

உச்சிக் குகையைப் பற்றிப் பலர் பின்னர் கேட்டார்கள். இறைவன் சந்நிதிதான், எனக்கும் அதில் மாறாத பக்தி உண்டு. ஆயினும் இடியின்போது முகட்டின் பாறையிடுக்கு காப்பிடம் ஆகாது. பாறை மேல் வழியும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டி உள்ளிருப்பவர் மீது பாயக்கூடும். உச்சியில் உலோகம் இருந்தால் அதன் அருகில் நிற்பதும் ஆபத்து. போலந்தின் தாத்ரா மலைகளில் கியெவொன்ட் என்ற சிகரத்தின் உச்சியில் 15 மீட்டர் உயர இரும்புச் சிலுவை நிற்கிறது. ஏறுவதற்குச் சங்கிலிகளும் உண்டு. 2019 ஆகஸ்ட் 22 அன்று பிற்பகலில் அங்கே மின்னல் இறங்கியதில் 4 பேர் இறந்தார்கள், 100க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்று காலையில் அங்கும் வானம் தெளிவாகவே இருந்தது என்று படித்திருக்கிறேன்.

மழை விட்டபோது மணி மூன்றைத் தொட்டிருந்தது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை எவரையும் எழ விடவில்லை. மேகம் விலகி ஏழாவது மலை பளிச்சென்று கழுவிவிட்டது போலத் தெரிந்ததும், போய் வந்துவிடலாமே என்று இருவர் கெஞ்சினார்கள். நான் சம்மதிக்கவில்லை. ஈரப் பாறையில் இருட்டில் இறங்குவது இன்னொரு ஆபத்து. வழுக்குப்பாறையை உட்கார்ந்தே கடந்தோம். அடிவாரம் சேர இரவு 9 மணி ஆயிற்று.

புறப்படும் முன் அந்த முதியவர் எங்களிடம் வந்து, வேட்டி மடிப்பிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். நனைந்து குழைந்துபோயிருந்தது. அதையே விரலால் வழித்து, நடுக்கம் அடங்காத பையனின் நெற்றியில் பூசிவிட்டார்.