நாற்காலியை விட்டு இறங்கிய ஷெல்டன் மேயர்

என் பெண்ணுக்கு ஒன்றரை வயது. எதிர்வீட்டுப் பையன் அவளைவிட இரண்டு மாதம் சின்னவன். சாயங்காலம் இரண்டு பேரையும் பாயில் உட்கார வைத்தால் அரைமணி நேரம் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். கேள்வி, பதில், சண்டை, சமாதானம் எல்லாம் நடக்கிறது. நமக்குத்தான் ஒன்றும் விளங்காது. போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 'சுகர் அண்ட் ஸ்பைக்' தொகுப்பு ஞாபகம் வந்து, அலமாரியிலிருந்து எடுத்தேன். எடுத்த பத்தாவது நிமிடம் அட்டையின் ஒரு மூலையை என் பெண் மென்றுவிட்டாள்.

அந்தக் காமிக்ஸின் கதையே இதுதான். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். அவை பேசினால் பெரியவர்கள் காதில் 'க்ளக்ஸ் ஸ்ப்ட்ஸில் க்ளா' என்றுதான் விழும். அவைகளுக்குள் அது சுத்தமான உரையாடல். பெரியவர்கள் பேசுவதுதான் அவைகளுக்குப் புரியாது. அதனால் வீட்டில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடிக்கும், அதை நம்பிக் காரியத்தில் இறங்கும், கடைசியில் மூலையில் உட்கார வைக்கப்படும்.

எழுதி வரைந்தவர் ஷெல்டன் மேயர், 1917இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவர் பேரைச் சொன்னால் எல்லோரும் முதலில் சூப்பர்மேன் கதைக்குத்தான் போவார்கள். ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் வருடக்கணக்காகப் பல இடங்களில் காட்டி, திரும்பி வந்த படைப்பு அது. அப்போது காமிக்ஸ் தொழிலில் இருந்த எம். சி. கெய்ன்ஸ் என்பவரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன் மேயர், இதைப் போட வேண்டும் என்று விடாமல் நச்சரித்தார். கடைசியில் அது வேறு நிறுவனத்துக்குப் போய், 1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தது. தினசரிப் பத்திரிகைக்கென்று வரைந்த கட்டங்களை வெட்டி, புத்தகப் பக்கத்துக்குத் தோதாக ஒட்டினார்கள். 13 பக்கத்துக்கு 130 டாலர். உரிமையும் அதோடு போயிற்று. அந்த வயிற்றெரிச்சலைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அடுத்த வருடம் கெய்ன்ஸ் 'ஆல்-அமெரிக்கன்' காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது மேயர்தான் ஆசிரியர். வயது 22. ஃப்ளாஷ், கிரீன் லான்டர்ன், வொண்டர் வுமன் என்ற சூப்பர்ஹீரோ வீரர்கள் எல்லாம் அவர் மேசையைத் தாண்டி வந்தவர்கள். ஆனால் மனுஷனுக்கு அந்த வீரர்களிடம் பெரிய பக்தி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவரே வரைந்துவந்த 'ஸ்க்ரிப்ளி' தொடரில் மளிகைக்கடை நடத்தும் மா ஹங்கல் என்ற பருத்த அம்மா திடீரென்று 'ரெட் டொர்னாடோ' ஆகிவிடுவார். உடுப்பு, சிவப்பு நிற நீள உள்ளாடை. முகமூடி, கண்ணுக்கு ஓட்டை போட்ட சமையல் பாத்திரம். 1940இல் பெரிய வீரர்கள் கூடிய முதல் கூட்டத்துக்கும் அந்த அம்மா வந்தார். வந்த இடத்தில் கால்சட்டை கிழிந்துவிட, அப்படியே வெளியேறிவிட்டார். ஒரு ஆசிரியர் தன் சொந்தச் சரக்கையே இப்படிக் கிண்டல் செய்ய அனுமதித்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஜோ குபர்ட், அலெக்ஸ் டோத், கார்மைன் இன்ஃபான்டினோ என்று பின்னால் பெரிய பெயரெடுத்தவர்கள் பலர் இளம் வயதில் அவரிடம் வேலை பார்த்தவர்கள். அப்படிப்பட்ட நாற்காலியை 1948இல் தானாகவே விட்டு இறங்கினார். காரணம், படம் வரைய வேண்டும். அவ்வளவுதான். பதவி உயர்வுக்காக வரைவதை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இது தலைகீழ்.

கொஞ்ச காலம் வேடிக்கை மிருகக் கதைகள் வரைந்தார். அப்புறம் 1956இல் சுகரும் ஸ்பைக்கும். தன் பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது வீட்டில் எடுத்த படச்சுருள்களை மறுபடி ஓட்டிப் பார்த்ததில் பிறந்த யோசனை அது. பக்கங்களைப் புரட்டினாலே தெரியும்: தொப்பென்று உட்காரும்போது கால் இரண்டும் நேராக நீட்டிக்கொள்வது, முழு உடம்பும் திரும்பித்தான் பின்னால் பார்ப்பது. யோசித்து வரைகிறவர் கைக்கு இதெல்லாம் வராது, பார்த்து வரைகிறவருக்குத்தான் வரும். வாசகர்கள் அனுப்பிய உடை வடிவங்களையும் வெட்டி விளையாடும் காகித பொம்மைகளாக இதழில் போட்டார்.

98 இதழ்கள். 1971இல் கண்புரை வந்து கை நின்றது. சிகிச்சைக்குப் பிறகு பார்வை தேறியதும் வெளிநாட்டுப் பதிப்புகளுக்காக மறுபடி அதே இரண்டு குழந்தைகளை வரையத் தொடங்கினார். 1991இல் இறந்தார்.

இன்று சாயங்காலம் பாயில் ஏதோ பெரிய தகராறு. காரணம் இன்னும் தெரியவில்லை.