கணக்குப்படி சரியான பதில்

“மானியக் காலம் முடிந்த பிறகு இந்தப் பணியிடத்துக்கான செலவை எவ்வாறு ஏற்பீர்கள்?” என்பது எங்கள் விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கேள்வி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தின் கிழக்குப் பகுதியில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வாடகை வீடுகள் நடத்தும் ஒரு சிறிய அமைப்பின் இயக்குநர் அதற்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தார்: “எங்களால் ஏற்க முடியாது. மறுபடியும் மானியம் கிடைத்தால் அவர் இருப்பார். கிடைக்காவிட்டால் அனுப்பிவிட வேண்டியிருக்கும்.” அந்தப் பதிலை மாற்றி எழுதும்படி அவரிடம் சொன்னவர்களில் நானே முதல் ஆள். சொன்னது சரிதான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

இந்தப் பணம் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் நான்காம் பிரிவின்கீழ் வருவது. ‘ஹட்’ எனப்படும் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை இதைத் தேசிய அளவிலான சில இடைநிலை அமைப்புகளுக்குக் கொடுக்க, அவை எங்களுடையது போன்ற உள்ளூர் அலுவலகங்கள் வழியாகச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. கட்டடத்துக்குச் செலவாவதைவிட, கட்டடம் எழுப்பும் அமைப்பை வலுப்படுத்தவே இது பெரிதும் செலவாகிறது. கணக்காளர் சம்பளம், திட்ட மேலாளர் சம்பளம், பயிற்சி, மென்பொருள் என்று. நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி டாலர்தான். ஒவ்வொரு டாலருக்கும் தனியாரிடமிருந்து 3 டாலர் இணைநிதியும் காட்டியாக வேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்கு இத்தனை பேர் காத்திருக்கும்போது, கொடுத்த பணம் எங்கே நிலைக்கும் என்று கேட்பதில் குற்றம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அவர் கேட்டது ஒரு திட்ட மேலாளருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம். முதியோருக்கான குடியிருப்பு ஒன்றுக்கு வரிச்சலுகை நிதி கேட்டு விண்ணப்பிக்க அந்த ஆள் வேண்டும். குறைந்த வாடகை வீடுகளில் முதலீடு செய்பவர்களுக்கு வரியைக் குறைக்கும், 1986இல் தொடங்கிய அந்த வரிச்சலுகைத் திட்டம் இல்லாமல் இந்த நாட்டில் குறைந்த வாடகைக் குடியிருப்பு எழுவது அரிது. அதற்கான விண்ணப்பத்தைத் தயாரிப்பது, வாடகை வசூலையும் குழாய் கசிவையும் பார்த்துக்கொண்டே ஒருவர் செய்து முடிக்கக்கூடிய வேலை அல்ல. நான் அவர் அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோதே வாடகைதாரர் ஒருவர் மணியார்டரோடு வந்தார்; அதை வாங்கிக்கொண்டு ரசீது எழுதி, அவர் சொன்ன சமையலறைக் கசிவையும் ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்துவைத்த பிறகுதான் இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

ஏழாவது கேள்விக்கு இப்படி எழுதினால் தேர்வுக் குழு மதிப்பெண் தராது என்றேன். வழக்கமாக எல்லாரும் எழுதுவதைச் சொன்னேன்: குடியிருப்பு கட்டி முடிந்ததும் கட்டியெழுப்பும் அமைப்புக்கு வரும் டெவலப்பர் கட்டணத்திலிருந்து சம்பளம் கொடுப்போம் என்று எழுதலாம்.

“அந்தக் கட்டணம் கட்டடம் முடிந்தால்தான் வரும். கட்டடம் முடிய இந்த ஆள் வேண்டும். அப்படியே முடிந்தாலும் கட்டணம் முழுதாகக் கைக்கு வரும் என்று உங்களால் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நாம் சொல்வோமே, அந்த நிலைதான். “கணக்குப்படி வரும்” என்றேன். கணக்கை அவரோடு சேர்ந்து நானும் பார்த்திருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் முதலில் எழுதியது உங்களுக்குப் புரிந்ததா?” என்றார்.

“புரிந்தது.”

“புரிந்துமா மாற்றச் சொல்கிறீர்கள்?”

“உங்களுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.”

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் திருத்திய விண்ணப்பம் வந்தது, மானியமும் கிடைத்தது.

அதன் பிறகு நடந்தது இத்துறையில் பலருக்கும் நடந்ததுதான். 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கிய மத்திய வங்கியின் வட்டி விகிதம் அடுத்த ஆண்டு ஜூலைக்குள் ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வட்டி ஏறியதால் அந்தக் கட்டடத்தின் வாடகை வருமானத்தை வைத்து வாங்கக்கூடிய கடன் சுருங்கியது. விழுந்த பள்ளத்தை நிரப்ப, டெவலப்பர் கட்டணத்தின் பெரும்பகுதியை ஒத்திவைத்தார்கள். இனி ஆண்டுதோறும் செலவு போக மிஞ்சுவதிலிருந்து சிறிது சிறிதாக அது வந்து சேர வேண்டும். இதற்கிடையில் மானியமோ முதலில் செலவழித்துப் பிறகு கேட்டு வாங்கும் முறையில் வருவது என்பதால், சில மாதங்களில் இயக்குநர் தன் சம்பளத்தை நிறுத்திவைத்துத் திட்ட மேலாளருக்குக் கொடுத்தார். மானியம் முடிந்த மாதத்தில் அந்த மேலாளர் லாப நோக்குள்ள ஒரு கட்டுமான நிறுவனத்துக்குப் போய்விட்டார். குடியிருப்பு நிற்கிறது; அதில் முதியோர் வாழ்கிறார்கள். எங்கள் அறிக்கையில் ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று இருக்கிறது, அதுவும் உண்மையே.

அந்த உரையாடலை நினைக்கும்போதெல்லாம் முதலில் என்னிடம் எழுவது என் தரப்பு நியாயந்தான். பதிலை மாற்றாமல் விட்டிருந்தால் அந்தக் கட்டடம் எழுந்திருக்காது. விண்ணப்பம் எழுத ஆலோசகர் வைத்திருக்கும் பெரிய அமைப்புகளுக்கு எப்படி எழுத வேண்டும் என்று தெரியும். தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் வலுப்படுத்தும் பணியில் சேர்ந்ததே.

ஆனால் அவர் எழுதியிருந்தது வெறும் விண்ணப்பப் பதில் அல்ல. களத்திலிருந்து அரசுக்குப் போக வேண்டிய தகவல். வருமானம் குறைந்தவர்களுக்கு வீடு நடத்தும் அமைப்பின் நிர்வாகச் செலவை அந்த வீடுகளின் வாடகையால் தாங்க முடியாது என்பதை அவர் இரண்டு வரியில் சொல்லியிருந்தார். அரசும் இதை அறியாமல் இல்லை. குறைந்த வருமானத்தினரின் வீடுகளுக்காக மாநில, உள்ளூர் அரசுகளுக்கு ஹட் பணம் தரும் ‘ஹோம்’ திட்டத்தின் நிதியில் 5 சதவீதம் வரை, அத்திட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட சமூக வீட்டுவசதி அமைப்புகளின் அன்றாடச் செலவுக்குக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. மத்திய அரசின் மானியம் பெறும் அமைப்புகள் நிர்வாகச் செலவுக்காக, தனி விகிதம் பேசாமலே கேட்டுப் பெறக்கூடிய பங்கை 2024 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்த்தினார்கள். அப்படியிருந்தும், இரண்டு ஆண்டில் சொந்தக் காலில் நின்றுவிடுவோம் என்று எழுதுபவருக்கே நாங்கள் முழு மதிப்பெண் தருகிறோம்.

2018ஆம் நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இந்த நிதியை அடியோடு நிறுத்த வெள்ளை மாளிகை முன்மொழிந்தது, நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் 3.5 கோடி டாலரைத் தக்கவைத்தது. அதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு ஆண்டில் நின்றுவிடுவார்கள் என்று எங்கள் கோப்புகள் சொல்லுமானால், ஏன் மறுபடி மறுபடி பணம் கேட்கிறீர்கள் என்று எவரும் கேட்கலாம். அவரது முதல் பதில் அப்படியே மேலே போயிருந்தாலோ, இத்தனை ஆண்டு கொடுத்தும் நிற்காதவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். எந்தப் பதில் அவர்களைக் காப்பாற்றும் என்று நானும் பலவாறு யோசித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு முடிவுக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு அவர் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். யாரும் சொல்லாமலே டெவலப்பர் கட்டணத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி சரளமாக எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான், ஏழாவது கேள்வியை எடுத்துவிட்டு, ‘இந்தப் பணியிடம் இல்லாமல் போனால் எந்த வேலை நின்றுபோகும்?’ என்று கேட்கலாம் என மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். என்னோடு பணியாற்றும் மூத்த அலுவலர் ஒருவர் அதை ஏற்கவில்லை. அப்படிக் கேட்டால் இழப்பை உருக்கமாக எழுதத் தெரிந்தவர்களுக்கே பணம் போகும், இப்போதைய கேள்வியாவது கணக்கைப் பார்க்கவைக்கிறது என்றார். அவர் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. குறிப்பை நான் திரும்பப் பெறவும் இல்லை.