கடைசியாகச் சோதித்த தேதி

வட்டின் கோப்பு முறைமை அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் லினக்ஸில் உள்ள டியூன்2எஃப்எஸ் கட்டளை காட்டிய பட்டியலில் அந்த ஒரு வரியிலேயே கண் நின்றுவிட்டது. கடைசியாகச் சோதித்த தேதி: லினக்ஸ் நிறுவிய அதே நாள்.

அதன் பிறகு 412 முறை மவுன்ட் ஆகியிருக்கிறது, அதாவது பயன்பாட்டுக்காக இணைக்கப்பட்டிருக்கிறது. உச்ச வரம்பு என்ற இடத்தில் -1. அதாவது, எத்தனை முறை ஆனாலும் சோதிக்காதே.

என் வட்டின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-இல் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்பே எழுதிவைக்கும் பதிவேடு) இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். திடீரென்று மின்சாரம் போனால் அது காப்பாற்றும், சரி. வட்டோ கேபிளோ நினைவகமோ சத்தமில்லாமல் செய்யும் பிழையை அது கண்டுகொள்ளாது.

அதே டியூன்2எஃப்எஸ் கட்டளைக்கு -சி 30, -ஐ 1எம் என்று கொடுத்தேன். 30 மவுன்ட் அல்லது ஒரு மாதம், எது முந்துகிறதோ, அடுத்த பூட்டில் சோதனை தானே ஓடும். ஆனால் எந்தெந்தப் பகுதிகளை மவுன்ட் செய்வது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்தப் பகுதிக்கான வரியின் ஆறாவது இடத்தில் 0 என்றிருந்தால் இதெல்லாம் வீண். ரூட் எனும் முதன்மைப் பகுதிக்கு 1, மற்றவற்றுக்கு 2.

அப்புறம் ரீபூட் செய்தேன். திரையில் சதவீதம் மெல்ல ஏறியது. இத்தனை வருடப் படங்களும் அதற்குள்தான்.

100 வரும்வரை எழுந்திருக்கவில்லை.