மாவட்டம் தாண்டக்கூடாது

ஜேர்மனியின் ஆகன் நகரத்துக்கு வந்து 25 வருசத்துக்குப் பிறகுதான் ஃபென்பான் சைக்கிள் பாதையில் முதன்முதலாகச் சைக்கிள் மிதித்தேன். மகள் விடவில்லை. "அப்பா, ஏத்தம் பெரிசா இல்லை, பயப்பிடாமல் வாங்கோ" என்றாள். ஐஃபல் மலைப்பக்கம் போய் ஏற்றம் இல்லையென்றால் யார் நம்புவது?

ஆனால் அவள் சொன்னது சரி. 1880களில் நிலக்கரியும் இரும்புத்தாதும் ஏற்றி இறக்கப் பிரஷ்யாக்காரர் போட்ட ரெயில்பாதை அது. பாரம் இழுக்கிற ரெயில் செங்குத்தாக ஏறாது என்று மலையைச் சுற்றி வளைத்து, ஆளுக்குத் தெரியாமலே உயர்த்திக்கொண்டு போயிருக்கிறார்கள். ரோட்கன் என்ற ஊர் வந்த பிறகுதான் முழங்கால் கணக்குக் கேட்டது. இன்றைக்குத் தண்டவாளம் இல்லை, வழுவழுவென்று தார். ஆகனில் தொடங்கி லக்சம்பேர்க் வரை 125 கிலோமீற்றர். நாங்கள் இடையில் மொன்ஷாவ் ஊர்ப்பக்கத்தோடு திரும்பிவிட்டோம்.

எங்கள் ஊரிலும் தண்டவாளம் கழன்றது. யுத்தத்தால் 1990 ஜூனோடு யாழ்ப்பாணம் போகிற யாழ்தேவி ரெயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரெயில் வந்தது.

ரோட்கன் தாண்டினால் திறந்த வெளி. புல், மாடு, மேற்கிலிருந்து நெஞ்சில் அடிக்கிற காற்று. அந்தக் காற்றுக்குப் பயந்து அங்கத்தைய ஆட்கள் வீட்டுக்கு முன்னால் பீச் மரத்தை நெருக்கி நட்டு, கூரை உயரத்துக்கு வேலியாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். நான் போனது மார்ச் மாதம். போன வருசத்து இலை உதிராமல் செம்பழுப்பாய்க் காய்ந்து ஒட்டிக்கொண்டு நின்றது, காற்றுக்குச் சரசரத்தது. கிடுகுவேலிச் சத்தமேதான். கொஞ்சநேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், முதலாம் உலகப்போர் முடிந்து வேர்சாய் ஒப்பந்தப்படி இந்த ரெயில்பாதை பெல்ஜியத்துக்குப் போனது. ரெயில் நின்று தண்டவாளம் போன பிறகும் நிலம் அவர்களுடையதுதான். ஆகவே சில இடங்களில் சில்லுக்குக் கீழே பெல்ஜியம், இரண்டு பக்கமும் ஜேர்மனி. பாதைக்கு மேற்கே ஜேர்மனியின் ஐந்து துண்டு நிலம் தனித்துக் கிடக்கிறது. கைபேசி பாவம், "பெல்ஜியத்துக்கு வரவேற்கிறோம்" என்று திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பிக் களைத்துப்போனது.

நான் 1991இல் அகதியாக வந்தபோது மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதிக் கடிதம் வேணும். மச்சாளின் கலியாணம் பக்கத்து நகரத்தில், ரெயிலில் நாற்பது நிமிசம். கடிதத்துக்கு எழுதிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். ஸ்டேசனில் பொலிஸ் மறித்துக் காகிதத்தைப் பார்த்தது. தாலிகட்டும் பார்க்கவில்லை, தண்டமும் கட்டினேன். அனுமதி பிறகு தபாலில் வந்தது.

பாதையோரம் ஓர் எல்லைக்கல்லைக் கண்டதும் என்னையறியாமல் பிரேக் பிடித்தேன். கை ஜாக்கெற்றின் உள்பொக்கற்றுக்குப் போனது.

"என்னப்பா தேடுறீங்கள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. நீ போ."

அவள் போய்விட்டாள். நான் பொக்கற்றின் சிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர, வளைவில் மறைந்திருந்தாள். எந்த நாட்டுக்குள் நின்று மணி அடிக்கிறாளோ, சத்தம் மட்டும் கேட்டது.