ஓட்டத்தைக் குறைக்கும் வாரங்கள்

டிசம்பர் மாரத்தானுக்கு இன்னும் இரண்டு வாரம். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஆளாளுக்குப் பறக்கிறார்கள். நான் பாதித் தூரத்தோடு நிறுத்திவிட்டு தே தாரிக் குடிக்கப் போகிறேன். "என்னண்ணே, பயந்துட்டீங்களா?" என்கிறான் கூட ஓடும் தம்பி.

பயமில்லைப்பா, இதற்குப் பெயர் டேப்பரிங். கடைசி இரண்டு வாரத்தில் மொத்தத் தூரத்தை 40 முதல் 60 சதவீதம் வரை குறைப்பார்கள். வேகத்தில் கை வைப்பதில்லை. ஓடும் நாட்களையும் பெரிதாகக் குறைப்பதில்லை. சேர்ந்த களைப்பு வடியும், தசை தேறும், தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் நிரம்பும். இரண்டு வாரத்தில் உடல்தகுதி ஒன்றும் கரைந்துவிடாது. ஆனால் கால் துறுதுறுக்கும், இல்லாத முட்டிவலியெல்லாம் வரும்! என்னைக் கேட்டால், 30 கிலோமீட்டர் ஓடுவதைவிட இதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

ஆபீஸில் எல்லாம் தலைகீழ். திங்கட்கிழமை புது சிஸ்டம் லைவ் என்றால், வெள்ளிக்கிழமை நள்ளிரவு வரை ஆட்களை உட்காரவைப்பதுதான் வழக்கம். இந்தமுறை என் டீமில் கடைசி வாரம் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. முக்கியமான டெஸ்டிங் மட்டும், அதுவும் முழு வேகத்தில். மீட்டிங் பாதி. ஆறு மணிக்கு வீடு. பாஸ் முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மைதான். இருந்தாலும் மாரத்தானுக்கு முந்தைய வெள்ளிக்கு லீவும் கேட்டு வாங்கிவிட்டேன்.